உருகாத குச்சி

திருப்பூரை அடுத்த மங்கலத்தில், சாயப்பட்டறைகளுக்குக் குழாயும் தொட்டியும் செய்து கொடுக்கும் ஒரு சிறிய பட்டறையில்தான் அந்தக் குச்சியை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். ஊதுபத்தியைவிடக் கொஞ்சம் தடிமன், ஒரு சாணுக்கும் குறைந்த நீளம். கண் போட்டிருந்த கணக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனத்தது. 2.4 மில்லிமீட்டர் குறுக்களவும் 175 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இரும்புக் கம்பி ஆறு கிராம் சொச்சம் இருக்கும். இது 15 கிராம், ஏறத்தாழ இரண்டு பவுன். டங்ஸ்டனுக்கும் தங்கத்துக்கும் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றுதான்: கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம்.

குச்சியின் ஒரு முனையில் சிவப்பு வண்ணம் தொட்டிருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் அந்த முனையைக் கிரைண்டருக்குக் கொண்டுபோனான். மூத்த வெல்டர் குரல் கொடுத்தார்.

"கண்ணு, செவப்பு முனையத் தீட்டீராத. அது போச்சுன்னா எந்தக் குச்சின்னே அப்புறம் தெரியாது. மறுபக்கம் வையி."

"சரீங்ணா."

இந்த வேலைக்கு இங்கே 'ஆர்கான் வெல்டிங்' என்று பெயர். புத்தகத்தில் டிக் வெல்டிங். கேட்டும் கிரில்லும் ஒட்டுகிற வெல்டிங்கில் ராடே உருகி இணைப்பாகிறது. ஒரு ராடு தீர்ந்தால் அடுத்தது. ஆர்கான் வெல்டிங்கில் இந்த டங்ஸ்டன் குச்சி உருகுவதில்லை. டார்ச்சின் வாயில் நின்று மின்பொறியைத் தாங்குவது மட்டும்தான் அதன் வேலை. சேர்க்க வேண்டிய உலோகத்தை இடது கை தனியாக ஒரு ஃபில்லர் கம்பியாக ஊட்டும். முடிந்த இணைப்பில் இந்தக் குச்சியின் ஒரு துகள்கூட இருக்கக் கூடாது. இருந்தால் அது குறை. எங்கிருந்தோ கிளம்பி, எத்தனையோ கை மாறி மங்கலம் வந்து, தன்னை எங்கும் விட்டுவைக்காமல் தேய்ந்து முடிகிற ஒரு பொருள். அது வந்த வழியைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வேலையின் தரத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அது கல்லாக இருந்த காலத்தில் யாருக்கும் அதைப் பிடிக்கவில்லை. வெள்ளீயத் தாதை உருக்கிய பழைய ஜெர்மானியச் சுரங்கக்காரர்கள், இந்தக் கரிய கல் கலந்தால் ஈயம் குறைந்துபோவதைக் கண்டு, ஓநாய் ஈயத்தைத் தின்கிறது என்றார்கள். வுல்ஃப்ரம் என்ற பெயர் அந்த ஓநாயிலிருந்து வந்தது. டங்ஸ்டன் என்பது சுவீடன் மொழிச் சொல். கனத்த கல் என்று பொருள். ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் பெர்காரா என்ற ஊரில் 1783இல் எல்ஹூயார் சகோதரர்கள் இருவர் கரியைக் கொண்டு அதிலிருந்து உலோகத்தைப் பிரித்தார்கள். பிரித்தார்களே தவிர, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது நெடுங்காலம் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. 3422 டிகிரியில்தான் அது உருகும். உலோகங்களில் அதற்கு மேல் உருகுநிலை எதற்கும் கிடையாது. உருக்கி ஊற்றலாம் என்றால், ஊற்றிவைக்க எந்தப் பாத்திரம் தாங்கும்?

இன்று உலகத்துக்குக் கிடைக்கும் புது டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. இந்தியாவில் ராஜஸ்தானின் டேகானாவில் முதல் உலகப் போர்க் காலத்தில் வெட்டினார்கள். அந்தச் சுரங்கம் பிற்பாடு நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் டங்ஸ்டன் என்ற சொல் ஊரெங்கும் அடிபட்டது 2024 நவம்பரில்தான். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று 2015.51 ஹெக்டேரை ஒன்றிய அரசு ஏலம் விட்டது. ஏலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. அந்த எல்லைக்குள் அரிட்டாபட்டி இருந்தது.

அரிட்டாபட்டியைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏழு குன்றுகள், அவற்றின் மழைநீரை வாங்கும் குளங்கள், சுனைகள். பாறையில் சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்துகளும் உண்டு. பாறையைக் குடைந்த சிவன் கோயில் உண்டு. ராஜாளி வகைப் பறவைகள் அங்கே தங்குகின்றன. அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 193 ஹெக்டேரை, மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் அறிவித்திருந்தது. இரண்டே ஆண்டில் ஏலம். ஊர்கள் எழுந்தன. 2024 டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரித் தொடக்கத்தில் விவசாயிகள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த வாரங்களில் தொலைக்காட்சியைத் திறந்தால் டங்ஸ்டன், டங்ஸ்டன் என்றே கேட்டது. வெட்டியெடுக்கும் டங்ஸ்டனில் பெரும்பங்கு கார்பைடு வெட்டுக்கருவிகளுக்குப் போகிறது. வெல்டிங் குச்சிக்கு வருவது மிகச் சிறிய பங்கு. ஆனாலும் 15 கிராம் குச்சிக்குப் பின்னால் எங்கோ ஒரு மலை வெட்டுப்படுகிறது. அது நம் மலையாக இல்லாததால் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அரிட்டாபட்டிக்காரர்கள் தங்கள் குன்றைக் காத்தது நியாயம் என்று முழுமனதாக நம்புகிறேன். அப்படி நம்புகிறவன், வேறொருவர் குன்றிலிருந்து வந்த குச்சியைப் பாதியில் குப்பையில் எறிவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சிவப்பு முனைக்கும் ஒரு கதை இருக்கிறது. இரண்டு சதவீதம் தோரியம் ஆக்சைடு கலந்த குச்சி என்பதற்கு அது அடையாளம். தோரியம் கலந்தால் சூடான முனையிலிருந்து எலக்ட்ரான் சுலபமாகக் கிளம்பும். பொறி சட்டென்று பிடிக்கும், அலையாமல் நிற்கும், முனையும் அதிகச் சூடு ஏறாமல் கூர்மையாக இருக்கும். தோரியத்தின் முதல் பெரிய வேலை வெளிச்சம் தருவது. திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் பெட்ரோமாக்ஸ் விளக்கு எரிந்த காலத்தை நினைவு வைத்திருப்பவர்களுக்கு அதன் மாண்டில் தெரியும். அது ஒரு பின்னல் துணிப்பை. தோரியமும் சிறிது சீரியமும் கலந்த உப்பில் நூலை ஊறவைத்திருப்பார்கள். முதல் முறை பற்றவைத்ததும் நூல் எரிந்து சாம்பலாகும். நூல் இருந்த வடிவத்தில் ஆக்சைடு நிற்கும். வெளிச்சம் தருவது அதுதான். பனியன் பின்னும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

அந்தத் தோரியத்தைத் தேடி உலகம் நம் கடற்கரைக்கு வந்தது. அப்போது திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சியிலிருந்து, கயிற்றில் ஒட்டிக்கொண்டு ஐரோப்பா போன மணலில் மோனசைட் மின்னுவதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் கண்டுகொண்டார். தேங்காய் நார்க் கயிறு காட்டிக்கொடுத்த மணல். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அதே மணவாளக்குறிச்சியில் அரசின் இந்திய அருமண் நிறுவனம் மணலைப் பிரிக்கிறது. மங்கலத்து மேசையில் கிடந்த குச்சியின் தோரியம் அங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. நம் அலையில் புரளும் மணலும் இந்தக் குச்சியின் முனையும் ஒரே குடும்பம் என்று மட்டும் சொல்கிறேன்.

தாது குச்சியாகிற வேலை முழுக்கப் பொடியில் நடக்கிறது. தாதைக் கரைத்து உப்பாக்கி, உப்பை எரித்து மஞ்சள் ஆக்சைடாக்கி, அதை ஹைட்ரஜனில் சுட்டுச் சாம்பல் நிறப் பொடியாக்குவார்கள். தோரியம் சேர்ப்பது இந்தக் கட்டங்களிலேயே. பொடியை அச்சில் அழுத்திக் கட்டியாக்கி, உருகுநிலைக்குக் கீழேயே துகளோடு துகள் ஒட்டும்வரை சுடுவார்கள். பிறகு சூடாக வைத்துச் சுற்றிலும் சிறு சுத்தியல்களால் இடைவிடாமல் அடித்து நீட்டுவார்கள். மேலும் மெலிதாக்கக் கம்பியாக இழுப்பார்கள். சும்மா சுட்டெடுத்த டங்ஸ்டன் சாக்கட்டி போல ஒடியும். அடித்து நீட்டினால் வளையும் என்பதை 1910 வாக்கில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வில்லியம் கூலிட்ஜ் காட்டினார். நம் வீடுகளில் எரிந்த குண்டு பல்பின் இழை அந்த வேலையின் பிள்ளை. பல்பு இழை நீடித்து நிற்கத் தோரியம் கலந்து பார்த்ததுதான், பிற்பாடு வெல்டிங் குச்சிக்கும் கைகொடுத்தது.

மந்த வாயுவுக்குள் டங்ஸ்டன் குச்சியால் பொறி பிடிக்கும் முறையை 1941 வாக்கில் கலிபோர்னியாவின் நார்த்ரப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் உருப்படியாக்கினார். மெக்னீசியத்தில் விமானம் செய்யப் பார்த்தார்கள். உருகிய மெக்னீசியம் காற்றுப் பட்டால் எரியும். அதனால் ஹீலியத்தைச் சுற்றிலும் ஊதி ஒட்டினார்கள். பிறகு ஹீலியத்தின் இடத்துக்கு ஆர்கான் வந்தது. போர் விமானத்துக்குப் பிறந்த முறை சாயம் காய்ச்சும் பாத்திரத்துக்கு வந்து சேர்ந்தது.

மங்கலத்தில் இந்த வேலை ஏன் இவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதற்கு நொய்யல் ஆற்றைத் தொட வேண்டும். பாசனத்துக்கென்று 1992இல் அதன் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்று ஆனது. தண்ணீரைச் சவ்வில் வடிகட்டி மீட்டு, மிஞ்சிய உப்புக் கரைசலை ஆவியாக்கி, உப்பைத் தனியே எடுக்க வேண்டும். அதற்கெல்லாம் குழாய், பம்பு, தொட்டி, ஆவிகலன். அவற்றில் பெரும்பகுதி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு கிளையிலும் ஓர் இணைப்பு. 'ஒரு சொட்டு' என்று சட்டம் சொல்வது கடைசியில் அந்த இணைப்புகளில் வந்து நிற்கிறது.

சாயக்குளியல் எப்படிப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். பருத்தித் துணிக்குக் கருநீலம், கறுப்பு மாதிரி அடர் நிறம் ஏற்ற, லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்கள். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம்தான். அந்தச் சாயக்குளியலைச் சோடா சேர்த்துச் சூடாக்கிச் சுற்றவிடுவார்கள். பாலியெஸ்டர் என்றால் 130 டிகிரியில், அழுத்தத்தில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேல் தானே படியும் குரோமியம் ஆக்சைடுத் தோல். கண்ணுக்கே தெரியாத மெல்லிய தோல். உப்பின் குளோரைடு அந்தத் தோலில் ஓட்டை தேடிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 ரகத்தைத் தேர்வது அதற்காகத்தான். கரிமம் 0.03 சதவீதத்துக்குள் இருக்கும் 316எல் இன்னும் நல்லது. கரிமம் கூடினால் வெல்டிங் சூட்டில் அது குரோமியத்தைக் கவர்ந்து ஒதுங்கும். குரோமியம் குறைந்த கோட்டில் அரிப்பு நுழையும். தகடு என்னவோ சரியான ரகமாகத்தான் வரும். பெரும்பாலும் ஓட்டை விழுவது வெல்டிங்கில், அல்லது அதற்கு விரற்கடை தள்ளி.

தகட்டைத் துடைப்பதில் வேலை தொடங்குகிறது. எண்ணெய், தூசி, கைரேகை எதுவும் ஆகாது. பட்டறையில் துடைப்பது பனியன் வேஸ்டால். கட்டிங்கில் கழிந்த துண்டுத் துணி மூட்டை மூட்டையாக ஊரெல்லாம் விலைக்குப் போகிறது. இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. தைத்துப் போட வேண்டிய துணியின் மிச்சம், அந்தத் துணிக்குச் சாயம் ஏற்றும் இயந்திரத்தைத் துடைக்கிறது.

அடுத்தது தீட்டல். குச்சியைக் கல்லுக்குக் குறுக்காக வைத்து உருட்டினால் முனையைச் சுற்றி வளையம் வளையமாகக் கீறல் விழும். பொறி அந்தக் கீறல்வழி அலையும். நீளவாக்கில், கீறல்கள் முனையை நோக்கி ஓடும்படி தீட்ட வேண்டும். கூரின் நீளம் குறுக்களவைப் போல இரண்டரை மடங்கு: 2.4 மில்லிமீட்டருக்கு ஆறு மில்லிமீட்டர். கடைசியில் நுனியை மயிரிழை மழுக்க வேண்டும். ஊசி போல விட்டால் நுனி உதிர்ந்து உருகிய உலோகத்தில் விழும். டங்ஸ்டனுக்கென்று தனிக் கல் வேண்டும். இரும்பு தீட்டிய கல்லில் தீட்டினால் இரும்புத்தூள் முனையில் ஏறும்.

அந்தத் தூசியைப் பற்றியும் பேசியாக வேண்டும். தோரியம் கதிர்வீசும் தனிமம். அதன் அரை ஆயுள் 1400 கோடி ஆண்டு. குச்சியைக் கையில் பிடிப்பதாலோ வெல்டிங் செய்வதாலோ வரும் பங்கு சொற்பம். தீட்டும்போது பறக்கும் தூசி மூச்சோடு நுரையீரலில் தங்கினால்தான் அது தவறான இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நான் பார்த்த பையன் முகத்தில் கைக்குட்டைகூட இல்லை. தூசியை உறிஞ்சும் ஏற்பாடு இல்லை. லாந்தனம் கலந்த நீல முனைக் குச்சியும் சீரியம் கலந்த சாம்பல் முனைக் குச்சியும் கடையில் கிடைக்கின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலைக்கு அவை சிவப்புக்குக் குறைந்தவை அல்ல. பழக்கம் மட்டும்தான் சிவப்பைக் கேட்கிறது. மங்கலத்துப் பட்டறைகள் சிவப்பை விட்டு நீலத்துக்கு மாறியாக வேண்டும். அதுவரையாவது அந்தப் பையனுக்கு நல்ல முகமூடி வாங்கிக்கொடுக்க வேண்டும்.

குச்சி டார்ச்சுக்குள் போகிறது. காலெட் கவ்வும், பீங்கான் கப்புக்கு வெளியே சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். டார்ச்சை நெகட்டிவில் கொடுக்க வேண்டும். அப்போது சூட்டில் பத்தில் ஏழு பங்கு தகட்டுக்கும் மூன்று பங்கு குச்சிக்கும் போகும். ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் கணக்கு தலைகீழாகி, உருகாத குச்சியும் உருண்டையாகத் திரண்டுபோகும். மூன்று மில்லிமீட்டர் தகட்டுக்கு நூறு ஆம்பியர் சுற்றுவட்டாரம் போதும். பொறியின் நடுவே சூடு பத்தாயிரம் டிகிரிக்கு மேல். அதற்குச் சற்றுத் தள்ளி, மனிதக் கை.

அந்தக் கையைச் சுற்றி ஆர்கான். நாம் இழுக்கும் மூச்சில் அது 0.93 சதவீதம். எதனோடும் சேராதது, அதனால்தான் 1894இல் அதைக் கண்டுபிடித்த ராலேயும் ராம்சேயும் சோம்பேறி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை அதற்குப் பெயராக வைத்தார்கள். காற்றைத் திரவமாக்கிப் பிரித்து எடுப்பார்கள். ஏழு கன மீட்டர் பிடிக்கும் ஒரு நீல உருளையை நிரப்ப, எழுநூற்றைம்பது கன மீட்டர் காற்றையாவது பிரிக்க வேண்டும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்று விட்டால் பன்னிரண்டு மணி நேரம்கூட வராது. அவ்வளவு சிரமப்பட்டுச் சேர்த்த வாயுவை ஆடி மாதத்துக் காற்று ஒரே வீச்சில் கலைத்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று. மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகமே ஆர்கான் போர்வையைக் கிழிக்கப் போதும். ஆடியில் மங்கலத்துக் காற்று எட்டில் நிற்குமா என்ன? மேற்குப் பக்க ஷட்டரை இறக்கி, தார்ப்பாய் கட்டி, ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்ட உட்கார்ந்து ஒட்டுவார்கள். "காத்து வருதுங்க, கதவச் சாத்துங்க" என்று என்னிடம் சொன்னபோது, நான் நின்றிருந்த வாசலே இடைஞ்சல் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

பொறி பிடித்ததும் தகட்டில் ஒரு சின்னக் குளம் பளபளவென்று திறக்கும். வலது கை டார்ச்சைச் சற்றே பின்சாய்த்து நகர்த்த, இடது கை ஃபில்லர் கம்பியைக் குளத்தின் முன்கரையில் தொட்டுத் தொட்டு எடுக்கும். கம்பியின் சூடான நுனி ஆர்கானை விட்டு வெளியே வரக் கூடாது. வந்தால் கருத்து, அடுத்த தொடலில் அந்தக் கறுப்பை உள்ளே கொண்டுபோகும். குளம் உறையும்போது பூரான் முதுகு போல அடுக்கடுக்காக வரி விழும். வரி அழகாக இருப்பதால் வெல்டிங் நன்று என்று முடிவு கட்டக் கூடாது. நிறத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளி நிறமோ வைக்கோல் மஞ்சளோ இருந்தால் ஆர்கான் அதைக் காப்பாற்றியிருக்கிறது. நீலம், ஊதா, சாம்பல் என்று போகப்போக ஆக்சைடு தடித்து, கீழே குரோமியம் வற்றியிருக்கிறது. பிக்லிங் பேஸ்ட் தடவிக் கழுவி அந்தத் தோலை எடுத்தாக வேண்டும். வானவில் மாதிரி அழகாக இருக்கிறது என்று அப்படியே விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறே மாதத்தில் அந்த வானவில்லிலிருந்து துரு கசிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

குழாய் என்றால் இன்னொரு முகம் இருக்கிறது: உள்பக்கம். வெளியே ஆர்கான் போர்த்தி ஒட்டும்போது உள்ளே வெறும் காற்று இருந்தால், உள்வரி அடிப்பிடித்த வெல்லப்பாகு போலப் பொரிந்து கருகும். அதைத் தடுக்க இரு முனைகளையும் அடைத்து, உள்ளேயும் ஆர்கான் நிரப்பிவிட்டு ஒட்ட வேண்டும். பர்ஜிங் என்பார்கள். அதற்கு நேரமும் வாயுவும் செலவு. வெளியிலிருந்து பார்த்தால் பர்ஜிங் செய்த இணைப்புக்கும் செய்யாததற்கும் வித்தியாசமே தெரியாது. இந்தத் தொழிலின் நேர்மை முழுவதும் அந்த உள்பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. விலையைக் குறை என்று வாங்குபவர் அழுத்தும்போது முதலில் குறைவது அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆர்கான்தான். ஒரு பட்டறையின் திரும்பு குழாயை அறுத்துத் திறந்தபோது பார்த்தேன்: கருகிய உள்வரியின் பள்ளங்களில் பஞ்சும் சாயமும் உப்பும் அப்பியிருந்தன, அந்த அப்பலுக்கு அடியில்தான் ஊசித்துளை.

வரியை முடிக்கும்போது கரண்டைச் சட்டென்று நிறுத்தினால் கடைசிக் குளம் குழியாகச் சுருங்கி விரிசல் விடும். மெல்ல இறக்க வேண்டும். பொறி அணைந்த பிறகும் டார்ச்சை அதே இடத்தில் பத்து விநாடி பிடித்திருக்க வேண்டும். ஆர்கான் தொடர்ந்து ஊதிக்கொண்டிருக்கும். பதறித் தூக்கினால் செக்கச்சிவந்த குச்சி காற்றில் ஆக்சைடாகும், அடுத்த பொறி தடுமாறும். அந்தப் பத்து விநாடி ஒருவர் அசையாமல் குனிந்திருப்பதை வைத்தே அவருடைய பழக்கத்தைச் சொல்லிவிடலாம்.

இத்தனை செய்தும் ஒரு நொடியில் கை சறுக்கும். குச்சி நுனி குளத்தில் பட்டுவிடும். நுனியில் எஃகு ஏறிக் குமிழாகும், பொறி கோணலாகும். உள்ளே ஒரு டங்ஸ்டன் துணுக்கு தங்கிவிட்டிருந்தால் எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். காற்றுக்குமிழி படத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். டங்ஸ்டன் எஃகைவிடக் கனமானதால் வெள்ளைப் புள்ளியாக மின்னும். திருச்சி பெல் ஆலை வட்டாரத்தில் கொதிகலன் குழாய் ஒட்டிப் பழகியவர்களுக்கு அந்த வெள்ளைப் புள்ளி பற்றிய அச்சம் ஊறியது. 1975இலிருந்து அங்கே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திச் சுற்றி வந்து ஒட்டிக் காட்டும் '6ஜி' தேர்வில் தேறியவர்கள் அங்கிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். மங்கலத்துச் சிறு பட்டறையில் எக்ஸ்ரே எடுப்பதில்லை. சிவப்புச் சாயத்தைப் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்து, விரிசலிலிருந்து சிவப்பு எட்டிப்பார்க்கிறதா என்று பார்ப்பார்கள். இயந்திரத்தைத் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றியும் பார்ப்பார்கள்.

நுனியில் எஃகு ஏறினால் அதை ஒடித்தெறிந்துவிட்டு மறுபடி தீட்ட வேண்டும். ஒவ்வொரு சறுக்கலுக்கும் சில மில்லிமீட்டர். 175 மில்லிமீட்டர் இப்படியே 120 ஆகி, 80 ஆகி, டார்ச்சின் பின்மூடியை நீளத்திலிருந்து குட்டைக்கு மாற்றும் கட்டம் வரும். குட்டை மூடி போட்ட டார்ச் இடுக்கான இடத்துக்கு வசதி. தேய்ந்த குச்சிக்கு அங்கே கடைசிப் பருவம். மூன்று சென்டிமீட்டருக்குக் கீழே போனால் காலெட்டுக்குப் பிடி போதாது. நான் முதலில் தூக்கிப்பார்த்த குச்சியை அப்படி மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தேன். சிவப்பு முனை அப்படியே இருந்தது, மீதி இல்லை. பழைய பால்பவுடர் டப்பாவில் அது போன்ற முப்பது நாற்பது துண்டுகள். டங்ஸ்டன் பழசுக்கு விலை உண்டு. உருக்காமல் வேதிமுறையில் கரைத்து மறுபடி பொடியாக்குகிறார்கள். சிவப்பு முனைத் துண்டுகளை மட்டும் மற்றதோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும். அந்தப் பட்டறையில் தனியேதான் வைத்திருந்தார்கள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அன்று ஒரு சாஃப்ட்ஃப்ளோ சாய இயந்திரத்தின் கலன் முடிந்து நின்றது. அதற்குள் பனியன் துணி கயிறாகத் திரண்டு நிமிடத்துக்கு 200, 300 மீட்டர் ஓடும். உள்வரியில் ஒரு மயிரளவு பிசிறு இருந்தாலும் துணியில் கண்ணி அறுந்து ஓட்டை விழும். ஒரு லாட் முழுவதும் கழிவாகும். அதனால் உள்வரியைத் தேய்த்துப் பஃப்பிங் செய்து வழவழப்பாக்கியிருந்தார்கள். மூத்த வெல்டர் ஒரு மெல்லிய பின்னல் துணித் துண்டை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, தோள்வரை கலனுக்குள் கையை நுழைத்து, வரியின் மேல் மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் நின்றார். துணியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரே ஒரு நூல் இழுபட்டிருந்தது. பையன் கேட்காமலே கிரைண்டரை எடுத்து நீட்டினான். மறுபடி தேய்த்து, மறுபடி புதுத் துணி சுற்றி, மறுபடி அதே இடத்தில் ஓட்டினார். இந்த முறை கை நிற்காமல் போய்விட்டு வந்தது.